ஒப்பீட்டு ரத்தம்

எர்ஸுரூமில் பிப்ரவரி.
மருத்துவக் கல்லூரியின் மூன்றாம் படிவரை
பனி ஏறிவிட்டது.
நான் கீழ்த்தளத்தில், விளக்கணைத்து
வேலை செய்கிறேன்.
வெளிச்சம் பட்டாலே உடைகிற சரக்கு இது:
ஆளுக்கொரு சொட்டு ரத்தம்,
சொட்டுக்குள் செல், செல்லுக்குள்
சுருட்டி வைத்த இரண்டு மீட்டர் நூல்.

சீசா முப்பத்தொன்று முஹ்லிஸ்.
பெயரை நான் அறியக் கூடாது. அறிவேன்,
ரத்தம் எடுத்தவள் நான்தானே.
பனிதள்ளும் ரயில் எஞ்சினில் இருபத்தாறு வருடம்.
பூட்ஸுக்குள் ஆணி ஏறி
மூன்று நாள் நடந்திருக்கிறார்.
காலுறை ஏன் ஈரமாயிருக்கிறது என்று
மனைவி கேட்டபிறகுதான் குனிந்து பார்த்தாராம்.

டாக்டர் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு
'தெரிந்தால் சொல்லுங்கள்' என்றார்.
பத்து இடம்.
முஹ்லிஸ் கண்மூடிக் காத்திருந்தார்.
கடைசியில் மரியாதையாகச் சொன்னார்:
'நான் தயார், டாக்டர். ஆரம்பிக்கலாம்.'

மரத்துப்போன கால். ஆனாலும் ராத்திரியில்
அதே கால் பற்றி எரிகிறது.
போர்வைக்கு வெளியே நீட்டி
ஜன்னல் கண்ணாடியின் உறைபனியில் ஒட்டவைத்துத் தூங்குகிறார்.
ஆணி தெரியாது,
இல்லாத நெருப்பு தெரியும்.

இந்த ஊரில் சர்க்கரையைத் தேநீரில் கரைப்பதில்லை.
கட்டியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு
அதன்மேல் தேநீரை ஓடவிடுவார்கள்.
விட்டுவிட்டேன் என்று மனைவியிடம் சத்தியம் செய்திருக்கிறார்.
சத்தியம் செய்யும்போது
இடக் கன்னம் லேசாக உப்பியிருந்தது.

குற்றம் கட்டியில் மட்டும் இல்லை.
செல்லின் அடுப்பில் வரம்புக்கு மேல் சர்க்கரை கொட்டினால்
புகையாக வருவது ஆக்சிஜன்தான்,
ஒரு எலக்ட்ரான் கூடிப்போய், ஜோடியில்லாமல்,
கண்டதையெல்லாம் பிடுங்குகிற ஆக்சிஜன்.
தண்டவாளத்தைத் தின்பதும் அதன் இனம்தான்.
நாம் மூச்சென்கிறோம்,
இரும்பு அதைத் துரு என்கிறது.

முதுகெலும்பின் ஓரத்திலிருந்து கட்டைவிரல் நுனிவரை
ஒரே நரம்புச் செல், ஒரு மீட்டர் நீளம்.
நிலக்கரி குறைந்தால்
முதலில் எந்த நிலையத்தை மூடுவார்கள்
என்று முஹ்லிஸுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இருபது நிமிடம் மின்சாரம்.
முழு நூல் இருந்த இடத்தில் இருக்கும்.
அறுந்த துண்டுகள் ஓடும்.
பிறகு சாயம், பிறகு நுண்ணோக்கி:
கறுப்பு வானத்தில் ஆரஞ்சு நிலாக்கள்,
நடுநடுவே வால்வெள்ளிகள்.
வால் எவ்வளவு நீளமோ
அவ்வளவு உடைந்திருக்கிறது ஒரு மனிதனுக்குள்.
ஆளுக்கு நூறு செல் எண்ணுவேன்.
முப்பத்தொன்றில் அறுபத்திரண்டு வால்.

நாற்பதில் நாற்பத்தொன்று.
நாற்பது, ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த ரத்தம்,
நோயில்லாதவருடையது.
ஸ்லைடைக் கெடுத்துவிட்டேனோ என்று
மறுபடி எண்ணினேன்.
நாற்பத்திமூன்று.

வெள்ளிக்கிழமை பேராசிரியர் குல்செரென்
பெயர்ப்பட்டியலைப் பிரித்தார்.
ஆள் கிடைக்காத வாரத்தில்
நாங்களே கை நீட்டுவது வழக்கம்.
நாற்பது: பெண், முப்பத்தெட்டு வயது,
புகை இல்லை, மருந்து இல்லை.
நிகார். நான்.

'தூங்காமல் வந்திருப்பாய்' என்றார்.
'ஒருமுறை பார்த்ததில் ஒன்றும் தெரியாது.
செல் தன்னைத் தைத்துக்கொண்டேதான் இருக்கும்.
திங்கட்கிழமை சர்க்கரை பார்த்துவிடு.'
சொல்லிவிட்டு என் பெயரை அடித்து
ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

மாலையில் முஹ்லிஸ் தொலைபேசியில்:
'என் ரத்தத்தில் என்ன பார்த்தாய், மகளே?'
சொல்ல அனுமதியில்லை.
'பனி பெய்வது போல இருந்தது' என்றேன்.
சற்று நேரம் கன்னத்துக்குள் ஏதோ உருளும் சத்தம்.
'நிற்கப்போகிறதா, பெய்துகொண்டே இருக்குமா?'
'தெரியவில்லை.'
'தெரியாவிட்டால் வண்டியை எடுத்துவிட வேண்டும்.
விடியட்டும் என்று காத்திருந்தால்
பாதை இருந்த இடமே தெரியாது.'

வீட்டு வாசலில்
பூட்ஸைக் கழற்றினேன், காலுறையையும்.
பக்கத்து வீட்டு நாய் பார்த்துக்கொண்டிருந்தது.
வலது பாதத்தைப் பனியில் வைத்து எண்ண ஆரம்பித்தேன்,
ஒன்று, இரண்டு,
மூன்றுக்குள் சுரீரென்றது.
இடது பாதம்.
ஒன்று, இரண்டு, மூன்று,
நான்கு